பட்டை பேசாத நேரம்

முத்துப்பேச்சியின் கட்டம் அன்று காலை பதினொன்று நாற்பத்திரண்டிலிருந்து பகல் ஒன்று பதினைந்துக்கு அவளைக் கண்டெடுக்கும் வரை திரையில் பச்சையாகவே இருந்தது. அந்தத் தொண்ணூற்று மூன்று நிமிடங்களில் அவள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தாள் என்பதை மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாதி நேரத்துக்கு மேல் இருந்திருக்க மாட்டாள் என்று மட்டும் சொன்னார்கள்.

அவள் விழுந்து கிடந்தது பதினேழாம் பாத்தியின் வரப்புக்குக் கீழே. உப்புக் குவியல் மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு மணிக்கு அவளுடைய தூக்குவாளி மட்டும் எடுக்கப்படாமல் இருந்ததைக் கண்டு தேடிப் போனார்கள்.

இது நடந்தது இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டு மே மாதம், தென்கடலோரத்தில் இருந்த முள்ளிக்கழி உப்பளத்தில். சோடியம் பேட்டரிகள் வந்த பிறகு உப்புக்கு என்றுமில்லாத கிராக்கி. அதுவும் ஈரப்பசை இல்லாத உப்பு வேண்டும். காலையில் வாரினால் கடல்காற்றின் ஈரத்தில் உப்பு கட்டிக்கொள்கிறது என்று, பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகுதான் பாத்தியில் இறங்கச் சொல்வார்கள். அந்த வெயிலில் ஆட்கள் சாகாமல் இருப்பதற்காக ஒரு வெப்பப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருந்தது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. அது நிமிடத்துக்கு ஒரு முறை உடலின் உள்சூட்டை அளந்து கண்காணிப்பு அறைக்கு அனுப்பும். அறையில் ஒரு பெரிய திரை. திரையில் ஒரு விரிதாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழே என்றால் கட்டம் பச்சை. முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தெட்டரை வரை மஞ்சள். அதற்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பு வந்தால் வயர்லெஸ்ஸில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு அந்த ஆளை நிழலுக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.

அந்தத் திரைக்கு முன்னால் நான்கு வருடங்களாக உட்கார்ந்திருந்தவள் அமலோற்பவம். எல்லோருக்கும் அமலி. முப்பத்து நான்கு வயது. கட்டங்களுக்கு நிறம் கொடுக்கும் விதிகளை எழுதியதும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு முற்பகலில், டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டாள். அதன் பிறகு அந்த விதிகளை அவள் திறந்து பார்த்ததே இல்லை.

முத்துப்பேச்சியை ஆம்புலன்ஸில் ஏற்றிய அரை மணி நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி ஞானதுரை அறைக்குள் வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“சிவப்பு வந்துச்சா இல்லயாம்மா?”

“வரல சார். கடைசி வரைக்கும் பச்சதான். இப்பமும் பச்சதான் இருக்கு, பாருங்க.”

அவர் பார்த்தார். நூற்று எழுபத்தொன்றாம் வரிசை. பச்சை.

“பட்டை தப்பா அளந்திருக்கா?”

“பாக்கேன் சார்.”

கட்டங்களில் எண்கள் தெரியாது. எண்ணைப் பார்த்தால் பார்வையிட வருபவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது, நிறம் மட்டும் போதும் என்று முன்பு இருந்த மேலாளர் சொன்னதால் அமலி எண்களை மறைத்து வைத்திருந்தாள். இப்போது அந்த மறைப்பை எடுத்தாள். வேலை நின்று எல்லோரும் நிழலில் இருந்த நேரம் அது; இருநூற்றுப் பதினோரு கட்டங்களில் எண்கள் தோன்றின. முத்துப்பேச்சியின் கட்டத்தில் ஒன்றும் தோன்றவில்லை. பச்சை மட்டும் இருந்தது.

அமலி விதியைத் திறந்தாள். அதில் இருந்தது ஒரே வரி. கட்டத்தின் மதிப்பு முப்பத்தெட்டை விடக் குறைவு என்றால் பச்சை.

“என்னம்மா?” என்றார் ஞானதுரை.

“பட்டை அளக்கவே இல்ல சார். பதினொன்னு நாப்பத்திரண்டுலேருந்து எண்ணே வரல. கட்டம் காலி.”

“காலின்னா எப்படிப் பச்சை வரும்?”

“காலிக் கட்டத்த ஷீட்டு பூஜ்யமா எடுத்துக்கிடும் சார். பூஜ்யம் முப்பத்தெட்ட விடக் கம்மி. கம்மின்னா பச்சை போடச் சொல்லியிருக்கேன். போட்டிருக்கு.”

“அப்போ எந்தப் பட்டை செத்தாலும் பச்சைதானா?”

“பட்டை பேசலன்னா யாருக்கும் பச்சைதான் சார். நாலு வருசமா.”

ஞானதுரை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய மகளும் அமலியும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். “வியாழக்கிழமை விசாரணைக்கு வாராங்க” என்றார். “பட்டையில பேட்டரி பழுதுன்னு எழுதுவோம். அதான நடந்திருக்கு?”

அமலி தலையசைத்தாள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவர் போன பிறகு பழைய பதிவுகளை எடுத்தாள். வேறு எத்தனை பட்டைகளில் பழுது என்று பார்த்து, மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம் என்பதுதான் அவள் எண்ணம். காலிக் கட்டங்களை மட்டும் வடிகட்டினாள். ஐம்பத்தெட்டு பெயர்கள் வந்தன. ஐம்பத்தெட்டு பேருக்கும் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏதோ ஒரு நேரத்தில் பட்டை பேச்சை நிறுத்தியது. மூன்று மணிக்குள் மறுபடி பேசியது. தினமும் அப்படித்தான். ஞாயிறு விடுமுறையில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. முத்துப்பேச்சியின் பட்டை ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் நடுப்பகலில் செத்துப் பிழைத்திருந்தது.

பேட்டரி இப்படிப் பழுதாகாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமலி பஸ் ஏறி உப்பளக் குடியிருப்புக்குப் போனாள். முத்துப்பேச்சியின் வீட்டு வாசலில் சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் சுயம்புலிங்கம் துறைமுகத்தில் லாரிக்குச் சுமை ஏற்றுபவர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். அமலியையும் கும்பிட்டார். அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அமலியும் சொல்லவில்லை.

முத்துப்பேச்சியின் குழுத்தலைவி ராமலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. ஐம்பது வயது இருக்கும். கண்களைச் சுற்றி உப்பின் வெளிச்சம் சுட்ட சுருக்கங்கள். அவள் அமலியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், மின்விசிறிக்கு நேராக உட்கார வைத்து, ஒரு சொம்பில் மோர் கொடுத்தாள்.

“கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கவ நீதான?”

“ஆமாக்கா.”

“என்ன விசயமா வந்த?”

அமலி ஐம்பத்தெட்டு பெயர்கள் இருந்த தாளை எடுத்துக் காட்டினாள். ராமலட்சுமி படித்தாள். அவள் பெயரும் அதில் இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு அலமாரி இடுக்கிலிருந்து ஒரு காலியான சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கழுவிக் காய வைத்த பாக்கெட். உள்ளே வெள்ளியாக மின்னியது. அதை அமலியின் மணிக்கட்டைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு கந்தல் துணியைக் கட்டினாள்.

“இவ்வளவுதான். சூடு ஏறுதுன்னு தெரிஞ்சா சுத்திக்கிடுவோம். சிக்னல் போவாது. பச்சையாவே நிக்கும்.”

“எதுக்குக்கா? சிவப்பு வந்தா நிழலுக்குத்தான அனுப்புவோம்?”

ராமலட்சுமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “மூணு செவப்புக்குப் பொறவு எங்க அனுப்புவீய?”

அந்த விதியும் அமலி எழுதியதுதான். ஒரே மாதத்தில் மூன்று நாள் சிவப்பு வந்தால், அந்த உடம்பு வெயில் வேலைக்குத் தகுதி இல்லாதது. அப்படிப்பட்டவர்களின் பெயருக்குக் குறுக்கே விரிதாள் தானாகவே கோடு போட்டுக் காட்டும். அவர்கள் நன்மைக்காகத்தான் என்று சொல்லியிருந்தார்கள். கோடு விழுந்த பெயர்கள் மாதக் கடைசியில் எல்லா உப்பளங்களுக்கும் போகும். அதன் பிறகு அவர்களை எந்த அளத்திலும் சேர்க்க மாட்டார்கள். இதுவரை நூற்றுப் பதினான்கு பெயர்களில் கோடு விழுந்திருந்தது. அவர்களுடைய இடத்துக்குப் புதியவர்கள் வந்திருந்தார்கள். அமலியின் திரையில் பெயர்கள் மாறின. அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

“முத்துப்பேச்சி மொத மாசமே ரெண்டு செவப்பு வாங்கிட்டா” என்றாள் ராமலட்சுமி. “அவளுக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்.”

“அந்தப் பச்சையப் போட்டது நான்தாங்க்கா” என்றாள் அமலி. “பட்டை பேசலன்னா என்ன நிறம்னு நான் யோசிக்கவே இல்ல. தப்பா எழுதிட்டேன்.”

“தப்பாவா?”

“ஆமாக்கா. தெரியாம நடந்தது.”

ராமலட்சுமி மோர்ச் சொம்பை எடுத்துத் தள்ளி வைத்தாள். “நாங்க வேற மாதிரி நெனச்சோம் பாத்துக்க. உள்ள யாரோ நல்ல மனசுக்காரவ இருக்காவ, தெரிஞ்சே நம்மள விட்டு வச்சிருக்காவன்னு. போன தைப் பொங்கலுக்கு உனக்குச் சேல எடுத்துக் குடுக்கணும்னுகூடப் பேசிக்கிட்டோம். வெளிய தெரிஞ்சா நீ மாட்டிக்கிடுவியேன்னு விட்டுட்டோம்.”

அமலி அழுதாள். ராமலட்சுமி அவளைத் தேற்றவில்லை. அழுது முடியும் வரை காத்திருந்து, “இப்ப அந்த ஓட்டைய அடைக்கப் போறியா?” என்று மட்டும் கேட்டாள்.

“அடைக்கலன்னா இன்னொருத்தர் விழுவாங்கக்கா.”

“அடச்சா அம்பத்தேழு பேரு வீட்டுக்குப் போவோம்.”

அமலி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலையில் ஞானதுரையே பதிவுகளைப் பார்த்துவிட்டிருந்தார். விசாரணைக்கு அனுப்புவதற்காக எடுத்தவர், அமலி கண்டதையே கண்டிருக்கிறார்.

“பேட்டரி இல்லம்மா இது. வேணும்னே செய்யுதாங்க.” அவர் குரலில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். “நாம உயிரக் காப்பாத்தத்தான பட்டை குடுத்தோம்? காலிக் கட்டத்துக்கும் சிவப்பு வர்ற மாதிரி விதிய மாத்துங்க. பழைய பதிவுக்கும் சேத்துப் போடுங்க.”

“பழைய பதிவுக்கும் போட்டா ஐம்பத்தேழு பேருக்கும் கோடு விழுந்துரும் சார்.”

“விழட்டும். இன்னொரு சாவ நான் சுமக்க முடியாது. வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க.”

அன்று பகல் முழுவதும் அமலி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்களை இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். பதினோரு மணிக்கு ஒவ்வொரு கட்டமாகக் காலியானது. ராமலட்சுமியுடையது, நூற்று நாற்பதாம் வரிசை, பதினொன்று ஐந்துக்கு. முப்பத்தெட்டு புள்ளி நான்கு, பிறகு ஒன்றுமில்லை. காலியான ஒவ்வொரு பச்சையையும் பார்க்கும்போது அந்த ஆள் நிற்கிறாளா விழுந்துவிட்டாளா என்று அமலி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். மூன்று மணிக்கு எல்லா எண்களும் திரும்பி வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

சட்டத்தின் அச்சுப் பிரதி அலமாரியில் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் விதிகள் எழுதும்போது அதைப் பார்த்துத்தான் எழுதினாள். மறுபடி படித்தாள். ஒன்பதாவது பிரிவில் கண் நின்றது. மாலையில் நேராகக் குடியிருப்புக்குப் போனாள்.

இந்த முறை ராமலட்சுமியோடு ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

“வேலைக்கு வந்தவங்கள்ல பாதிக்கு மேல ஒரே நேரத்துல சிவப்பானா, அன்னைக்கி அளத்த மூடணும்” என்றாள் அமலி. “சங்கு ஊதிரும். அன்னைக்கி வந்த சிவப்பு யார் கணக்குலயும் ஏறாது. வேல நேரத்த மாத்தாம மறுபடி அளத்தத் திறக்கக்கூடாது. சட்டத்துல இருக்கு. ஷீட்டுலயும் மேல ஒரு கட்டம் வச்சிருக்கேன், பாதி தாண்டினா அதுவும் சிவப்பாகி, தானாவே சங்கு அடிக்கும். இதுவரைக்கும் ஒரு நாளும் அடிச்சதில்ல.”

“எப்படி அடிக்கும்? சூடு ஏறுனவ எல்லாம் சுத்திக்கிடுதோம்” என்றாள் ஒருத்தி.

“அதான்க்கா சொல்லுதேன்.”

“முத்துப்பேச்சி போக இருநூத்திப் பதினோரு பேரு” என்றாள் ராமலட்சுமி. “எத்தன செவப்பு வேணும்?”

“எல்லாரும் வந்தா, நூத்தி ஆறு.”

“சுத்துதவங்க அம்பத்தேழு பேருதான. மத்தவ?”

“மத்தவங்களுக்குச் சூடு மெதுவாத்தான் ஏறும், மஞ்சள் ஆனதும் நிழலுக்குப் போயிருதாங்க. அவங்க போகாம நிக்கணும்.” சொல்லிவிட்டு அமலி பயந்தாள். “ஆனா இது ஆபத்துக்கா. நான் சொன்னேன்னு யாரும் செய்ய வேண்டாம். உடம்பு முடியலன்னா உக்காந்துரணும். நான் இதச் சொல்லவே வந்திருக்கக் கூடாது.”

“வந்துட்ட” என்றாள் ராமலட்சுமி. “இனி நாங்க பாத்துக்கிடுதோம். நீ உன் வேலையப் பாரு.”

வியாழக்கிழமை காலை விசாரணை அதிகாரி நூர்ஜஹான் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, குறைவாகப் பேசுகிற பெண்மணி. கண்காணிப்பு அறையில் அமலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நிறம் எப்படி வருகிறது, காலி என்றால் என்ன ஆகிறது, யார் எழுதியது. அமலி எல்லாவற்றையும் சொன்னாள். காலிக் கட்டத்துக்குப் புதிதாகச் சாம்பல் நிறம் கொடுத்திருப்பதையும், அதை எல்லா விதிகளுக்கும் மேலே வைத்திருப்பதையும் காட்டினாள். பழைய பதிவுகளை அவள் தொடவில்லை. ஞானதுரை அதைக் கவனித்தார். அதிகாரி முன்னால் ஒன்றும் சொல்லவில்லை.

“சாம்பல் ஒண்ணுகூட இல்லையே” என்றார் நூர்ஜஹான்.

உண்மைதான். மணி பத்து ஐம்பது. இருநூற்றுப் பதினோரு பேரும் வேலைக்கு வந்திருந்தார்கள். எல்லாக் கட்டங்களிலும் எண் இருந்தது. பச்சை குறைந்து மஞ்சள் பரவிக்கொண்டிருந்தது.

பதினொன்று ஐந்துக்கு இருபத்திரண்டு சிவப்பு. அமலி வழக்கம்போல வயர்லெஸ்ஸை எடுத்து வரிசை எண்களைப் படித்தாள்.

“கூப்பிட்டுட்டேன் மேடம், வரமாட்டேங்காவ” என்றது மேற்பார்வையாளரின் குரல். “ஒருத்தியும் வரமாட்டேங்கா. உப்பு வாருத வாருபலகைய விடமாட்டேங்காவ.”

பதினொன்று பதினைந்துக்கு அறுபத்தொன்று. இருபதுக்கு எண்பத்து நான்கு. நூர்ஜஹான் ஜன்னலுக்குப் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் வெள்ளை வெளியில் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகளாக ஆட்கள் தெரிவார்கள். ஞானதுரை கைபேசியில் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றேழு. பிறகு தொண்ணூற்று மூன்று. நான்கு பேர் தாங்க முடியாமல் நிழலுக்குப் போயிருந்தார்கள். மறுபடி ஏறியது. தொண்ணூற்றொன்பது. நூற்று மூன்று. அங்கேயே நின்றது.

அமலி நூற்று நாற்பதாம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. முப்பத்தொன்பது புள்ளி ஐந்து. ராமலட்சுமி நிற்கிறாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து நிற்கிறார்கள். அவள் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். அதனால் உட்கார மாட்டாள்.

“சார், நிறுத்தச் சொல்லுங்க” என்றாள் அமலி.

“மேல இருந்து உத்தரவு வரணும்மா. எடுக்க மாட்டேங்காங்க.”

“முப்பத்தொம்பது புள்ளி எட்டு சார்.”

“கூப்பிட்டுட்டுத்தான இருக்கேன்” என்றார் அவர்.

சங்குக்குத் தனியாகப் பொத்தான் கிடையாது. மேலே உள்ள அந்த ஒரு கட்டம் சிவப்பானால்தான் ஊதும். அமலி விதியைத் திறந்தாள். சிவப்புக்கான எல்லை முப்பத்தெட்டு புள்ளி ஐந்து என்று இருந்தது. ஐந்தை அழித்துவிட்டு மூன்று என்று போட்டாள்.

நூற்று மூன்று, நூற்று நாற்பத்தொன்று ஆனது. திரையில் மஞ்சளாக இருந்தவற்றில் பாதி ஒரே நேரத்தில் சிவந்தன. மேல் கட்டம் சிவப்பானது. சங்கு ஊதியது.

நூர்ஜஹான் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. வெளியே கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக வாருபலகையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தன. ஒரு கோட்டை மட்டும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ராமலட்சுமியை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அமலி பார்க்கப் போனபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“நூத்தி ஆறு வந்துட்டா?” என்று கேட்டாள்.

“வந்துட்டுக்கா” என்றாள் அமலி.

ராமலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

விதியை மாற்றினால் விரிதாள் அதைத் தன் பதிவில் குறித்துக்கொள்ளும். நூர்ஜஹான் மறு வாரம் அமலியைத் தனியாகக் கூப்பிட்டபோது அந்தப் பதிவின் நகல் அவர் மேசையில் இருந்தது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு, முப்பத்தெட்டு புள்ளி ஐந்து, முப்பத்தெட்டு புள்ளி மூன்று.

“இத நீங்கதான் மாத்தினீங்களா?”

“ஆமா மேடம்.”

“நூத்தி ஆறு தானா வந்திருக்குமா?”

“தெரியாது மேடம். வந்திருக்கலாம். அதுக்குள்ள யாராவது செத்திருக்கலாம்.”

“இது மோசடின்னு எழுதுவேன். தெரியுமில்லையா?”

“எழுதுங்க மேடம். முத்துப்பேச்சிக்குப் பச்சை போட்டதும் எழுதணும். கோடு போட்டதும். அவங்க பட்டையச் சுத்தினது அந்தக் கோட்டுக்குப் பயந்து.”

நூர்ஜஹான் எழுதினார். அமலியின் வேலை போனது. மூன்று சிவப்பு விதியை நிறுத்தி வைக்க உத்தரவு வந்தது. வேலை நேரம் விடியற்காலை நாலரையிலிருந்து ஒன்பது வரை என்று மாறியது. உப்பில் ஈரம் இருக்கத்தான் செய்தது. அதை உலர்த்த ஒரு கொட்டகை போட்டார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருடம் பாதிப் பாத்திகளுக்கு வாரும் இயந்திரங்கள் வரப் போகின்றன என்றும், தொண்ணூறு பேருக்கு வேலை இருக்காது என்றும் பேச்சு இருந்தது. சிவப்புக்கான எல்லையை மட்டும், மருத்துவர்களைக் கேட்ட பிறகு, முப்பத்தெட்டு புள்ளி மூன்றிலேயே வைத்துவிட்டார்கள். யாரும் அதை ஐந்துக்குத் திருப்பவில்லை.

கடைசி நாள் அமலி கோப்புகளைப் புதிதாக வந்த பெண்ணிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் சுயம்புலிங்கம் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தார். குளிர்சாதன அறைக்குள் வரத் தயங்கினார். அமலி எழுந்து போய் உள்ளே கூட்டி வந்தாள்.

“அண்ணே, அந்த விதிய எழுதுனது நான்தான்” என்றாள். அவரிடம் அவள் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

“ராமலச்சுமி மயினி சொல்லிச்சி.” அவர் திரையைப் பார்த்தார். கோபமாக இருக்கிறாரா என்று அமலியால் கண்டுபிடிக்க முடியவில்லை. “மத்தவங்களுக்கெல்லாம் இதுல நம்பர் இருக்குன்னாவ. சூடு எவ்வளவுன்னு. இவளுக்கும் இருக்குமா?”

“விழுந்த நேரத்துக்கு இல்லண்ணே. அப்பம் பட்டையச் சுத்தியிருந்தாங்க.”

“சுத்துததுக்கு முன்னால?”

அமலி உட்கார்ந்து அந்த நாளின் பதிவைத் திறந்தாள். நூற்று எழுபத்தொன்றாம் வரிசையைத் தேடி, கடைசி எண் வரை நகர்த்தினாள்.

“பதினொன்னு நாப்பத்தொண்ணுக்கு வந்திருக்குண்ணே. முப்பத்தெட்டு புள்ளி நாலு.”

“அது என்ன கலரு?”

“அன்னைக்கி மஞ்சள்.”

“இன்னைக்கின்னா?”

பக்கத்தில் நின்ற புதிய பெண் அமலியைப் பார்த்தாள். அமலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னைக்கின்னா சிவப்புண்ணே. நிழலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க.”

சுயம்புலிங்கம் தலையசைத்தார். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அமலி எழுதிக் கொடுத்தாள். மறந்துவிடாமல் இருக்க அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.